பொதுத் தோட்டத்தில் பெயர் தெரியாத செடிகளை அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை பிடித்துப் பத்துப் பதினைந்து நாளாகிவிட்டால் போதும், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் யாரும் விதைக்காத செடிகளெல்லாம் தலைகாட்டும். மூன்றாம் மாடி அம்மா “அது கீரை, பிடுங்காதீங்க” என்பார். தரைத்தளத்துக்காரர் “புதர் மண்டினா பாம்பு வரும்” என்பார். தோட்டக்காரர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியால் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிடுவார். போனது கரிசலாங்கண்ணியா பார்த்தீனியமா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இதை மாற்ற நமக்குத் தாவரவியல் பட்டம் வேண்டாம். பொறுமையும் ஒரு போனும் போதும். ஒரு மழைக்காலத்தில் தோட்டத்தின் பெரும்பாலான செடிகளுக்குப் பெயர் சொல்லிவிடலாம். வாருங்கள், முதலிலிருந்து சேர்ந்தே போவோம்.

முதல் விதி: பிடுங்காதே, தின்னாதே

தெரியாத செடியை உடனே பிடுங்கக் கூடாது. நாற்றாக இருக்கும்போது பாதிச் செடிகள் ஒன்றுபோலவே இருக்கும். பூக்கும் வரை விட்டால்தான் அது யாரென்று சொல்லும். தோட்டத்தில் நாம் செய்யும் தவறான அடையாளங்களில் பெரும்பகுதி அவசரத்தால் வருவதுதான்.

அதேபோல, பெயர் ஓரளவு தெரிந்துவிட்டது என்பதற்காக வாயில் வைக்கவோ காயத்தில் அரைத்துப் பூசவோ கூடாது. இதைப் பற்றி ‘உஷார்’ பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

என்ன வேண்டும்? எவ்வளவு ஆகும்?

ஒரு நோட்டு, ஒரு பென்சில், கேமரா உள்ள போன், கலர் கம்பளி நூல் ஓர் உருண்டை, பழைய செய்தித்தாள். இவற்றில் பாதி வீட்டிலேயே இருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியவற்றில் முக்கியமானது ஒன்று: நகைக்கடைகளில் கல் பார்க்கப் பயன்படுத்தும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். ஆன்லைனில் 150 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். சிறு பூக்களைப் பார்க்க இது இல்லாமல் முடியாது. கையுறைக்கு நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகைக்கான செலவையும் சேர்த்தால் மொத்தம் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அசோசியேஷன் பணத்திலிருந்து கேட்டால் கிடைக்கும். ஆனால் கேட்டுக் காத்திருப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும், நாமே போட்டுக்கொள்வது மேல்.

விலை கூடிய தாவரவியல் நூல்களை இப்போதே வாங்க வேண்டாம். அவை பூவின் சூலகம் எத்தனை அறை என்பதிலிருந்து தொடங்கும். அந்த இடத்துக்கு நாம் பிறகு வரலாம்.

முதல் படி: செடியைப் பார்க்கும் முன் ஆளைக் கேளுங்கள்

பொதுத் தோட்டத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ‘தெரியாத செடி’ என்று நாம் சொல்வது நமக்குத் தெரியாத செடி. அதை நட்டவர் இரண்டாவது மாடியில் இருக்கலாம். ஊரிலிருந்து மாமியார் கொண்டுவந்து நட்ட பிரண்டைத் துண்டாக இருக்கலாம். வீடு மாறிப் போனவர் விட்டுச்சென்ற இன்சுலின் செடியாகவும் இருக்கலாம். (அதன் இலைகள் தண்டைச் சுற்றிச் சுருள்படி போல ஏறும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.)

எனவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவோம்: “நடைபாதை ஓரம் நீங்கள் நட்ட செடி ஏதாவது இருந்தால் அதில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.” ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பிறகு தோட்டக்காரர், வாட்ச்மேன், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஆகியோரோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் செடிகளின் எண்ணிக்கை நம்மை வியக்க வைக்கும். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே, சொன்னவர் ஊரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் இரண்டு மாவட்டங்களில் இரண்டு செடிகளைக் குறிக்கும். ‘பசலை’ என்றால் ஒருவர் தரையில் படரும் சிற்றிலைச் செடியைச் சொல்வார், இன்னொருவர் பந்தலில் ஏறும் கொடியைச் சொல்வார். இருவர் சொல்வதும் சரிதான்.

இரண்டாம் படி: எங்கிருந்து வந்தது என்று யோசிப்போம்

யாரும் நடாத செடி எப்படி வந்தது என்பதே ஒரு துப்பு. சமையலறைக் கழிவு உரம் போட்ட இடத்தில் முளைத்தால் தக்காளி, பூசணி, பப்பாளி என்று முதலில் சந்தேகப்படுவோம். சுவரோரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் முளைத்தால் பறவை எச்சம்: வேம்பு, கோவை, மணத்தக்காளி, அரசு. புதிதாகச் செம்மண் லோடு இறக்கிய இடமென்றால் அந்த மண் வந்த ஊரின் களைகள் அத்தனையும் வரும். நர்சரித் தொட்டியின் ஓரத்தில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் நர்சரியின் களைதான். பஞ்சு வைத்துப் பறக்கும் விதை என்றால் எருக்காக இருக்கலாம்.

இப்போது தோட்டத்துக்கு ஒரு கச்சா வரைபடம் போடுவோம். பாத்திகளுக்கு அ, ஆ, இ என்று பெயர், அதில் உள்ள செடிகளுக்கு எண். ‘ஆ-4’ என்று நோட்டில் ஒரு பக்கம். அந்தச் செடியில் வெள்ளை நூல். இனி எல்லாக் குறிப்பும் அந்தப் பக்கத்தில்தான்.

மூன்றாம் படி: எப்படிப் பார்ப்பது?

போனை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்ப்போம். தண்டிலிருந்து தொடங்குங்கள். விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். சதுரமாக இருந்து, இலைகள் எதிரெதிராக இருந்து, கசக்கினால் மணமும் வந்தால் அது துளசிக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். தும்பையும் திருநீற்றுப்பச்சிலையும் இதில்தான் வரும். புல் போலிருந்து தண்டு முக்கோணமாக இருந்தால் அது கோரை, புல் இல்லை. கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணில் தங்கி மறுபடி வரும் என்பதால் இந்த வேறுபாடு நமக்கு வேலைக்கு உதவும்.

அடுத்து இலை. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். வேப்பிலை என்று நாம் கிள்ளிக் காட்டுவது உண்மையில் ஒரு முழு இலை இல்லை, இலையின் ஒரு சிற்றிலை. எது முழு இலை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காம்பு தண்டோடு சேரும் இடுக்கைப் பாருங்கள், அங்கே ஒரு குட்டி மொட்டு இருக்கும். அந்த மொட்டு இருக்கும் இடத்திலிருந்து வெளியே நீள்வது அத்தனையும் சேர்ந்து ஓர் இலை. சிற்றிலைகளின் அடியில் மொட்டு இருக்காது.

இதை வைத்துக் கீழாநெல்லியைப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். பார்ப்பதற்குப் புளிய இலை போன்ற கூட்டிலை என்றே தோன்றும். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு குட்டி இலையின் இடுக்கிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். அப்படியென்றால் நாம் ஓர் இலை என்று நினைத்தது ஒரு சிறு கிளை, அதிலிருப்பவைதான் இலைகள். லூப்பை எடுத்து இதை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தப் பாடம் முடிந்தது.

இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா? ஓரம் வழவழப்பா, பல் பல்லா? அடிப்பக்கம் வெளிறியிருக்கிறதா? முடி இருக்கிறதா? இவற்றை எழுதுங்கள். கடைசியாக ஓர் இலையைக் கிள்ளி, பால் வடிகிறதா என்று பாருங்கள். பால் வந்தால் கையைக் கண்ணருகே கொண்டுபோகாமல் உடனே கழுவிவிடுங்கள்.

பூவுக்கு நேரம் உண்டு. காலை எட்டு மணிக்கு மூடியிருந்த பருப்புக்கீரைப் பூ வெயில் ஏறியதும் திறக்கும். அந்திமந்தாரை மாலையில்தான் விரியும். ஒரே செடியைக் காலையிலும் மாலையிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

நான்காம் படி: எப்படிப் படம் எடுப்பது?

ஒரு செடிக்கு ஒரு படம் போதாது. முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், பூ, காய். பூவை முன்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். பின்னால் நாலு செடி தெரிந்தால் செயலி குழம்பும், அதனால் ஒரு வெள்ளைத் தாளை இலைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், மேகம் மூடிய காலை சிறந்தது.

ஐந்தாம் படி: செயலியைக் கேட்போம்

கூகுள் லென்ஸ் எல்லோர் போனிலும் இருக்கிறது. ஆனால் அது இணையத்தில் ஒத்த படங்களைத் தேடித் தருவது. நர்சரி விளம்பரமும் அதில் கலந்து வரும். செடிக்கென்றே உள்ளவற்றில் பிளான்ட்நெட் இலவசம். நாம் காட்டுவது இலையா, பூவா, காயா என்று சொல்லலாம், எந்தப் பகுதித் தாவரங்களில் தேட வேண்டும் என்றும் குறிக்கலாம். குழந்தைகளோடு செய்வதென்றால் சீக் என்ற செயலி. கணக்குத் தொடங்கத் தேவையில்லை.

என் பரிந்துரை ஐநேச்சுரலிஸ்ட். செயலி சொல்வதோடு நிற்காமல், படத்தைப் பார்த்து உலகெங்கும் உள்ள மனிதர்கள் திருத்துவார்கள். பதிவேற்றும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நட்டு வளர்த்த செடி என்றால் ‘வளர்க்கப்பட்டது’ என்ற குறியைப் போடுங்கள், தானாக முளைத்ததென்றால் வேண்டாம். வீட்டு இருப்பிடம் வெளியே தெரிய வேண்டாமென்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

எந்தச் செயலி சொன்னாலும் அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல் சந்தேகப் பட்டியலாக எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று பெயர்களை நோட்டில் எழுதுங்கள். நாற்றுப் பருவத்துக்கும் பூவில்லாச் செடிக்கும் செயலிகள் தடாலடியாக ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும், அதுவும் நூற்றுக்கு இத்தனை என்று நம்பிக்கையோடு.

நம் தோட்டங்களில் குழப்பும் ஜோடிகள்

நீங்கள் முதலில் சந்திக்கப் போவது இவற்றைத்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

பருப்புக்கீரையும் சித்திரப்பாலாடையும்: இரண்டும் சிவந்த தண்டோடு தரையில் படரும். நடைபாதைக் கல் இடுக்கில் அடுத்தடுத்தே முளைக்கும். பருப்புக்கீரையின் இலை தடித்து நீர் நிறைந்திருக்கும், ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும். சித்திரப்பாலாடையின் இலை மெல்லியது, ஒடித்ததும் பால் வரும். கீரை பறிக்கப் போகும் யாருக்கும் முதலில் சொல்லித்தர வேண்டியது இந்த ஒடித்துப் பார்க்கும் சோதனைதான்.

மூக்கிரட்டையும் சாரணையும்: இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அதனால் இலையை வைத்துச் சண்டை போட்டால் முடிவு வராது. பூவுக்குக் காத்திருங்கள். மூக்கிரட்டையின் கடுகளவு ஊதாச்சிவப்புப் பூக்கள் மெல்லிய, கிளைத்த காம்புகளின் நுனியில் நிற்கும், காய் துணியில் ஒட்டும். சாரணையின் பூ காம்பில்லாமல் இலை இடுக்கிலேயே பதுங்கியிருக்கும்.

வேம்பும் மலைவேம்பும்: வேம்பின் இலை ஒருமுறைதான் பிரியும். நடுக் காம்பின் இருபுறமும் நேராகச் சிற்றிலைகள். மலைவேம்பில் அந்தக் காம்பு மறுபடியும் கிளைத்து, அதன் பிறகு சிற்றிலைகள் வரும். மரமாகும் செடி என்பதால் இதைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். சுவரிலிருந்து இரண்டு அடியில் முளைத்திருந்தால் எந்த வேம்பானாலும் இடம் மாற்றியே தீர வேண்டும்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியும் சிங்கப்பூர் டெய்சியும்: மஞ்சள் பூவைப் பார்த்ததும் ‘கரிசலாங்கண்ணி, முடிக்கு நல்லது’ என்று பறித்துப் போகிறவர்கள் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். பூங்கா ஓரங்களில் தரை மூடுவதற்காக நடப்படும் சிங்கப்பூர் டெய்சி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளந்திருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஈட்டி போல நீண்டிருக்கும், மடல் பிளவு இருக்காது. வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி இவை இரண்டிலிருந்தும் வேறான இனம்.

பார்த்தீனியமும் செவ்வந்தி நாற்றும்: இளம் பார்த்தீனியம் தரையோடு தரையாக, வெட்டுண்ட அழகான இலைகளை விரித்துக் கிடக்கும். ‘யாரோ செவ்வந்தி நட்டிருக்கிறார்கள்’ என்று தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. சந்தேகமிருந்தால் விட்டுவையுங்கள், ஆனால் கண் வைத்திருங்கள். நடுவிலிருந்து தண்டு எழுந்து கடுகு கடுகாக வெள்ளைப் பூக்கள் வந்ததும் உறுதி. தோல் அரிப்பும் ஒவ்வாமையும் தரும் செடி என்பதால் முழுக்கை சட்டை, கையுறையோடு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுங்கள். விதை வைத்துவிட்டால் உரக்குழியில் போடக் கூடாது.

கத்தரியும் ஊமத்தையும்: நாற்றில் இரண்டும் ஏமாற்றும். ஊமத்தை இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும். பூ நீண்ட குழல், காய் உருண்டையாக முள்ளோடு.

ஆறாம் படி: எப்படி உறுதி செய்வது?

மூன்று சாட்சிகள் ஒத்துப்போனால் மட்டும் பெயரை மையால் எழுதுங்கள், அதுவரை பென்சில்தான். ஒரு சாட்சி ஊர்ப்பெயர் சொன்ன மனிதர். இன்னொன்று செயலி. மூன்றாவது, விளக்கம் படித்து நம் நோட்டோடு ஒப்பிடுவது. இதற்கு ஃபிளவர்ஸ் ஆஃப் இந்தியா, இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இரண்டு இணையதளங்கள் போதும். இரண்டும் இலவசம்.

அறிவியல் பெயரையும் எழுதப் பழகுங்கள். அதுவும் மாறும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கற்பூரவள்ளிக்குப் பழைய நூல்களில் பிளெக்ட்ராந்தஸ் அம்போயினிகஸ் என்றிருக்கும், இப்போது கோலியஸ் அம்போயினிகஸ். இரண்டு தளங்கள் இரண்டு பெயர் சொன்னால் பதறாமல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன் தளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய பெயரைக் கொடுத்தால் இப்போதைய பெயரைக் காட்டும்.

உஷார்

தோட்டத்தில் நஞ்சுள்ளவை எவை என்பதைத்தான் முதலில் அடையாளம் காண வேண்டும், குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே. அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி, செங்காந்தள். கடைசிப் பெயர் நம் மாநில மலர்தான், அழகிலும் குறையில்லை. ஆனால் முழுச் செடியும் நஞ்சு, கிழங்கு மிகவும் மோசம். அதை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. லாபியில் அழகுக்கு வைக்கும் டைஃபன்பேக்கியாவின் இலையை நாய்க்குட்டியோ குழந்தையோ கடித்தால் வாய் வீங்கிவிடும்.

இவற்றை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. குழந்தைகளின் கை எட்டாத இடத்துக்கு மாற்றலாம், சிவப்புக் குறி போட்ட பலகை வைக்கலாம். யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108-ஐ அழைத்து, செடியின் ஒரு கிளையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சாப்பிடும் கீரையே என்று உறுதியானாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த இடத்தில் கொசு மருந்து அடிக்கிறார்களா, நாய் வருகிறதா, கழிவுநீர்க் குழாய் போகிறதா? பொதுத் தோட்டத்தில் நான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் கீரை பறிப்பதில்லை.

பெயர்ப்பலகை வைப்போம்

மார்க்கர் பேனா எழுத்து நம் வெயிலில் சில மாதங்களில் மறைந்துவிடும். பென்சிலால் பிளாஸ்டிக் பட்டையில் எழுதினால் அதைவிட நாள் நிற்கும். செலவே வேண்டாமென்றால் குளிர்பான அலுமினிய டின்னை வெட்டிப் பட்டையாக்கி, பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எழுத்து பள்ளமாகப் பதிந்துவிடும், மை போனாலும் படிக்கலாம். ஓரங்கள் கத்திபோல் இருக்கும், மடித்துவிடுங்கள். கடையில் அச்சடித்த அக்ரிலிக் பலகை செடிக்கு நூறு ரூபாய்க்கு மேல் போகும். மரங்களுக்கு மட்டும் அது சரி.

பலகையில் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், நட்டவர் இருந்தால் பிளாட் எண், நஞ்சா இல்லையா. இவ்வளவு போதும். ‘சர்க்கரைக்கு நல்லது’ போன்ற வாசகங்களைத் தயவுசெய்து எழுதாதீர்கள். மறுநாளே செடி மொட்டையாகிவிடும், பறித்தவருக்கு என்ன ஆனதென்றும் தெரியாது.

தோட்டக்காரருக்குத் தனியாக ஒரு பக்கம் தயாரித்து, படத்தோடு லாமினேட் செய்து கொடுங்கள். எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். அவர் கையில்தான் மண்வெட்டி இருக்கிறது.

பெயர் கிடைக்காதவற்றை என்ன செய்வது?

எல்லா முயற்சிக்கும் பிறகு நாலைந்து செடிகள் மிஞ்சும். அவை ‘ஆ-4’ என்றே இருக்கட்டும். பூக்கும்போது பூவும் காயும் உள்ள ஒரு கிளையை வெட்டி, செய்தித்தாள் மடிப்பில் இலைகளை விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு வேளையும். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததும் தடித்த அட்டையில் ஒட்டி, எந்த இடம், எந்தத் தேதி, பூவின் நிறம் என்ன, யார் எடுத்தது என்று எழுதுங்கள். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும், அதனால் அதை எழுத மறக்கக் கூடாது.

இந்த அட்டையோடு அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் போகலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ அடிகளார் உருவாக்கிய ராபினாட் ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் தொகுப்பு) இருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ளது. அங்கிருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் 1853-இல் தொடங்கப்பட்டது. முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். போகும்போது போனில் உள்ள படங்களையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பூவில்லாத கிளையைக் கொண்டுபோனால் ‘பூத்த பிறகு வாருங்கள்’ என்றுதான் அங்கேயும் சொல்வார்கள்.